துணியில் விழாத பதினாறு கட்டம்

லோகநாதன் ஓவியரான செய்தி அமலாவுக்கு ஒரு பென்டிரைவில் வந்து சேர்ந்தது.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுக்கு ஜெராக்ஸ் கடை. ஆதார் திருத்தம், பட்டா நகல், பரீட்சை விண்ணப்பம் என்று ஊருடைய அவசரம் முழுவதும் அவள் மேசையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அன்றைக்கு லோகநாதன் சில்க்ஸ் மேனேஜர் முருகேசன், அவசரமே இல்லாத ஒரு வேலையைத் தலைபோகிற அவசரத்தில் கொண்டுவந்தார்.

“நூத்தி நாப்பத்திரண்டு அட்டைம்மா. தடிப் பேப்பர்ல, கலர்ல. மொதலாளி ஜல்தியா கேக்கறாரு. மூணாவது மாடில மியூசியம் தொறக்கறோம்.”

“இன்னா மியூசியம்?”

“கம்ப்யூட்டர் ஓவியம். சென்னையில இருந்து பெரிய ஆளுங்கல்லாம் வர்றாங்க.”

அமலா கோப்பைத் திறந்தாள். முதல் அட்டை: ‘மயில்கண் பார்டர். எண்ணிம ஓவியம், 1999. ஓவியர்: பட்டுச் சிற்பி ஆரணி லோகநாதன்.’ இரண்டாவது அட்டை வேறு பார்டர், அதே சிற்பி. நூற்று நாற்பத்திரண்டு வரைக்கும் உருட்டிப் பார்த்தாள். நடுவில் எங்கேயாவது மனிதர் களைத்துப்போய் இன்னொருத்தருக்கு இடம் விட்டிருப்பார் என்று பார்த்தால், களைக்கவே இல்லை.

லோகநாதனுக்கும் கம்ப்யூட்டருக்கும் இருந்த உறவு வருஷத்துக்கு ஒருநாள். ஆயுத பூஜையன்று குளித்துவிட்டு வந்து மானிட்டருக்குச் சந்தனம் வைப்பார். மற்ற நாளெல்லாம் அதன் முன்னால் உட்கார்ந்தவள் அமலா. 1998-ல் கண்ணமங்கலம் பக்கத்து ஊரிலிருந்து, ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பும் பஸ் பாஸுமாக அவள் வேலைக்கு வந்தாள். ஆரணியின் முதல் டிசைன் கம்ப்யூட்டர் என்று லோகநாதன் சொல்லிக்கொண்ட பெட்டி ஏசி அறைக்குள் சரிகைத் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களை அறை வாசலில் நிறுத்தி அவர் கதவைத் திறந்து காட்டுவார். சிலர் கும்பிட்டார்கள்.

அந்த அறையில் உட்கார்ந்து அமலா ஆறு வருஷம் கட்டம் கட்டமாகப் புடவை பார்டர் வரைந்தாள். அவள் வரைந்தது ஃப்ளாப்பியில் ஏறும், ஃப்ளாப்பியைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள், தறியில் அட்டை ஓடும், புடவையில் மயில் உட்காரும். ஒரு டிசைனுக்கு ஒரு ஃப்ளாப்பி. ஒன்றில் பத்து டிசைன் போடலாம் மொதலாளி என்று அவள் சொன்னபோது, “ஒரே எலையில ரெண்டு மாப்பிள்ளைக்கு சோறு போடுவியா?” என்று கேட்டவர் அவர்.

இதில் ஒரு சின்ன விஷயம். தறியில் இழை தூக்குகிற ஜக்கார்டில் இருநூற்று நாற்பது கொக்கி. ஒரு கொக்கிக்கு ஒரு கட்டம். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் வரிசைக்கு இருநூற்று ஐம்பத்தாறு கட்டம். மிச்சம் பதினாறுக்குக் கொக்கி கிடையாது, அதில் என்ன வரைந்தாலும் துணியில் விழாது. டிசைன் மேலிருந்து கீழே நீளநீளமாகப் போகும்போது, வலது ஓரத்தில் இந்தப் பதினாறு கட்டமும் ஒரு சந்து மாதிரி காலியாகக் கூடவே போகும். சந்து காலியாக இருந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? அமலா அதில் படக்கதை போட ஆரம்பித்தாள். கதாநாயகன் சஃபாரி சூட் போட்டு, கக்கத்தில் பை வைத்த ஓர் எருமை. கதை, அன்றன்றைக்குக் கடையில் நடந்தது. எழுத்து அகலத்தில் அடங்காததால், ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி வரும்.

புடவையில் மயில், ஓரத்தில் எருமை. ஆறு வருஷம் ஒருத்தரும் பார்க்கவில்லை. 2004-ல் அந்தக் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டார்கள், அமலாவின் வேலையும் கூடவே எடைக்குப் போனது. அன்றைக்கு அவள் பெட்டியின் பின்னால் செருகியிருந்த லாக்கை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள். தீப்பெட்டி அளவில் ஒரு துண்டு. அது இல்லாமல் அந்த டிசைன் மென்பொருள் திறக்காது. ஒருநாள் தன் படங்களைத் திரும்பப் பார்க்கலாம் என்று ஓர் ஆசை. லாக் அவளிடம், ஃப்ளாப்பி அவரிடம். இருபது வருஷமாக ஆசை மேசை டிராயரில் இருந்தது.

இப்போது அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த அட்டையில் ஓவியர் என்ற இடத்தில் தன் பெயர்.

சென்னையிலிருந்து வந்தவர் முனைவர் ராஜ்குமார். எண்ணிம மரபுக் காப்பு அறக்கட்டளை என்று ஒன்று, அதற்கு அவர்தான் இயக்குநர், ஆலோசகர், சில நாள் ஓட்டுநர். பழைய ஃப்ளாப்பி, பழைய கேசட், யாரும் திறக்க முடியாத பழைய கோப்பு எல்லாவற்றையும் சாவிலிருந்து மீட்பது அவர் பணி. ‘கம்ப்யூட்டர் ஓவியத்தின் தொடக்ககால நாட்டார் மரபு’ என்று தேடிக்கொண்டு போனவர், யாரோ சொல்லி லோகநாதனுக்கு போன் போட்டார். படங்களை வரைந்தது யார் என்று கேட்டார். கேள்வி வந்த வேகத்திலேயே பதில் போனது: “நாந்தான்.”

பீரோவைத் திறந்து ஃப்ளாப்பிகளை எடுத்துக் கொடுத்தபோது முனைவர் கண்கலங்கிவிட்டார் என்று முருகேசன் சொன்னார். பக்தியில் இல்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு ஃப்ளாப்பிக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். பொட்டு எங்கே வைப்பது என்ற குழப்பத்தில், நடுவில் பளபளவென்று இருந்த தகட்டைத் தள்ளி உள்ளேயே வைத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டு ஃப்ளாப்பி தெய்வத்தோடு ஐக்கியமாகியிருந்தது. மிச்சம் நூற்று நாலு.

அந்த நூற்று நாலும், லாக் கேட்டது.

இருபது வருஷத்தில் முதல் தடவையாக லோகநாதன் அமலாவின் கடைக்கு வந்தார். வரிசையில் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். அவர் பின்னால் முனைவர் ஜிப்பாவோடு நின்றார்.

“அமலா, அந்த லாக்கு உன்கிட்ட கீதாமே?”

“கீது மொதலாளி. அட்டையும் கீது. பிரிண்ட் போட்டுகினு இருக்கேன். அதுல ஓவியர்னு உங்க பேரு போட்டிருக்குது.”

“ஆமா?”

“வரைஞ்சது நானு.”

லோகநாதன் கோபப்படவில்லை. குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி ஆரம்பித்தார். “கம்ப்யூட்டர் யாருது?”

“உங்களுது.”

“ஏசி?”

“உங்களுது.”

“கரண்டு?”

“அதுவும் உங்களுதுதான்.”

“அப்போ படம் மட்டும் எப்படிம்மா உன்னுது ஆவும்?”

“கை என்னுது மொதலாளி.”

“கைக்குத்தான் சம்பளம் குடுத்தேனே!”

முனைவர் தொண்டையைச் செருமினார். “அம்மையீர், கூட்டுப் படைப்பில் கருத்துருவாளர் வேறு, கருவி இயக்குநர் வேறு. ஐயா கருத்துருவாளர். தாங்கள்...”

“மவுஸுங்களா சார்?” என்றாள் அமலா.

அன்றைக்கு வீட்டில் அவள் கணவன் தருமன் ஒரே வார்த்தையில் சொன்னான்: “குடுக்காத.” அவன் செய்யார் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். பிரேக் போடுவதில் நம்பிக்கை உள்ளவன்.

“குடுக்காம இன்னா பண்றது? அந்த ஃப்ளாப்பி எல்லாம் ஒவ்வொண்ணா செத்துகினு இருக்குது. இன்னும் பத்து வருஷம் நான் பிடிவாதம் புடிச்சா பேரு போடறதுக்குப் படமே இருக்காது.”

“அப்போ அந்தாளு பேருல இருந்துட்டுப் போவட்டும்ன்றியா?”

“தெறந்து பார்க்கட்டும். ஒவ்வொண்ணுலயும் ஓரத்துல எருமை நிக்குது, அவரு மூஞ்சியோட. ‘ஐயோ இத நான் வரையல’ன்னு அவரே கத்துவாரு. கத்துனா, பின்ன யாரு வரைஞ்சதுன்னு கேட்டுதானே ஆவணும்?”

தருமன் யோசித்தான். “எருமைன்னு ஒத்துக்கினாருன்னா?”

“எவனாவது ஒத்துப்பானா?”

“உனக்கு ஆரணியப் பத்தி ஒண்ணும் தெரியலம்மே” என்றான் தருமன்.

மறுநாள் மூன்றாவது மாடியில், பஞ்சு சுற்றி சென்னையிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய கம்ப்யூட்டரின் முதுகில் அமலா லாக்கைச் செருகினாள். எந்தச் சாவியை எப்போது அழுத்த வேண்டும் என்பது அவள் விரலுக்குத்தான் தெரியும் என்பதால், நாற்காலியும் அவளுக்கே கிடைத்தது. முதல் ஃப்ளாப்பி கரகரவென்று சுற்றியது. திரையில் மேலிருந்து ஒவ்வொரு வரியாக மயில்கண் இறங்கியது. வலது ஓரத்தில், கக்கத்தில் பையோடு எருமையும் இறங்கியது.

இருபது வருஷத்துக்கு முந்தைய தன் கையெழுத்தைப் பார்த்த மாதிரி அமலா திரைக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். நன்றாகத்தான் வரைந்திருக்கிறாள். குட்டிக்குட்டிக் கட்டத்தில், தொந்திக்கு மேலே சஃபாரி சூட்டின் பொத்தான் இழுத்துப் பிடிப்பது வரைக்கும் வந்திருந்தது.

லோகநாதன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தன் தொந்தியைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

முனைவர் மெல்ல மூச்சை விட்டார். “ஐயா. இது... தாங்களா?”

இதோ, என்று காத்திருந்தாள் அமலா.

“சுய ஓவியம்!” என்று முனைவர் நெஞ்சில் கை வைத்தார். “தன்னைத்தானே எள்ளும் துணிவு! கொக்கிகளுக்கு எட்டாத வெளியில், வணிகத்துக்கு வெளியே ஒரு கலைஞனின் ரகசியக் குரல்! ஐயா, இது பார்டர் அல்ல. உலக அளவில் பேசப்பட வேண்டிய பொருள். சொல்லுங்கள், இதைத் தாங்கள்தானே வரைந்தீர்கள்?”

லோகநாதன் அமலாவைப் பார்த்தார். அமலா சாவிப்பலகையைப் பார்த்தாள். ‘உலக அளவில்’ என்ற சொல் அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவர் தோளில் உட்கார்ந்தது.

“ஆமா” என்றார் லோகநாதன். “எருமை நாந்தான்.”

அன்று சாயங்காலம் முனைவர் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து லோகநாதன் அவளிடம் வந்தார். “இன்னும் எத்தினியில இது கீது?”

“உசுரோட இருக்கற நூத்தி நாலுலயும் மொதலாளி.”

“கத்திரிச்சிடேன்.”

“அவரு ஒரு புள்ளிகூட வெட்டக்கூடாதுன்றாரு.”

உண்மைதான். மூலக்கோப்பில் கை வைப்பது கோயில் சிலையின் மூக்கை உடைப்பதற்குச் சமம் என்று முனைவர் காலையிலிருந்து மூன்று முறை சொல்லியிருந்தார். லோகநாதன் பெருமூச்சு விட்டார். பிறகு மெல்ல, “சாது எருமைதானே? கெட்டது ஒண்ணும் பண்ணலியே?” என்று கேட்டார்.

கண்காட்சிக்கு வரிசைப் பட்டியல் போட்டவள் அமலாதான். எல்லாவற்றையும் ஒரு முறை திறந்து பார்த்து, கம்ப்யூட்டருக்குள் ஏற்றி எண் போட்டாள். ஐம்பத்தேழாம் எண்ணை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை. அது எருமையைப் பற்றியது மட்டும் இல்லை, லோகநாதனின் மனைவி லீலாவைப் பற்றியதும்கூட. கடையில் வேலை பார்த்த ஆறு வருஷமும், ஏசி அறையில் இருக்கும் பெண்ணுக்கு நாலு மணிக்கு காபி போகிறதா என்று கேட்ட ஒரே ஆள் லீலா. அந்தக் காபிக்கு ஐம்பத்தேழு ஒரு மரியாதை இல்லை என்று அமலாவுக்குப் பட்டது.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது மாடி முழுக்கப் பட்டு வியாபாரிகள், அவர்கள் மனைவிமார், வாடகைக்கு எடுத்த பெரிய எல்இடி திரை. கீழே தரைத்தளத்தில் சாப்பாடு. சுவர் முழுக்க அமலா அச்சடித்துக் கொடுத்த அட்டைகள். முன்வரிசையில் லீலா. அமலா ஓரத்தில் கம்ப்யூட்டரோடு, கண்ணுக்குப் படாத மாதிரி ஒரு குத்துவிளக்குக்குப் பின்னால்.

முனைவர் இருபது நிமிஷம் பேசினார். ‘வெளி’ என்ற சொல்லை எத்தனை முறை சொல்கிறார் என்று கடைசி வரிசையில் தருமன் விரல் விட்டுக்கொண்டிருந்தான். பிறகு லோகநாதன் மைக்கைப் பிடித்தார். ஒரு வாரமாக முனைவரோடு பழகியதில் அவருக்கும் கொஞ்சம் வெளி வந்திருந்தது.

“எருமைன்னா இன்னா? பொறுமை. மழை வந்தா நகராது. வெயில் வந்தா நகராது. நானும் அப்பிடித்தான், கலைக்காக அந்த அறையில நகராம உக்காந்திருந்தேன். கண்ணு ரெண்டும் பூத்துப்போச்சு. கலைஞன் மொதல்ல தன்னைத்தான் கிண்டல் பண்ணிக்கணும். அப்பதான் அடுத்தவன் பண்ண மாட்டான்.”

கைதட்டல். வியாபாரிகள் சங்கத் தலைவர் பச்சையப்பன் முகத்தில் பொறாமை தெரிந்தது. தனக்கு எந்த மிருகம் பொருந்தும் என்று அவர் யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

அமலா திரையை மாற்றிக்கொண்டே இருந்தாள். எருமை கணக்குப்பிள்ளையைத் திட்டியது, சிரித்தார்கள். எருமை கண்ணாடியில் முடி சீவியது, சிரித்தார்கள். எல்லாச் சிரிப்பும் லோகநாதனின் கணக்கில் ஏறியது. அவமானப்படுத்த வரைந்த ஒவ்வொரு கட்டமும் அந்த மனிதருக்கு மாலையாக விழுந்துகொண்டிருந்தது. தருமன் சொன்னது சரி. அவளுக்கு ஆரணியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

“அந்தக் காலத்துல எனக்கு ஒத்தாசைக்கு ஒரு பொண்ணுகூட இருந்துது” என்றார் லோகநாதன், பெரிய மனசோடு. “ஃப்ளாப்பி தொடைக்கறதுக்கு. அதோ, இப்பகூட பட்டன் அழுத்திகினு இருக்குது பாருங்க.”

கூட்டம் திரும்பி, குத்துவிளக்குக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்துக் கனிவாகப் புன்னகை செய்தது. ஃப்ளாப்பி துடைத்தவளுக்கு எவ்வளவு கனிவு போதுமோ அவ்வளவு.

அமலா லீலாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு ஐந்தையும் ஏழையும் அழுத்தினாள்.

திரையில் அன்னப்பட்சி பார்டர் இறங்கியது. ஓரத்தில், ‘2001 ஜூன்’. எருமை போனில் பேசுகிறது. சொற்கள் எழுத்தெழுத்தாகக் கீழே இறங்கின. லீலா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கண் ஆஸ்பத்திரியில் படிக்கச் சொன்ன மாதிரி ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். உரக்கத்தான் படித்தாள்.

“லீ... லா... நான்... சூ... ரத்... துல... இருக்... கேன்.”

கூட்டமும் கூடவே உதடசைத்தது.

“சரி... கை... எடுக்க... வந்தேன்... ரயிலு... கெடைக்... கல.”

கீழே அடுத்த படம். எருமை ஏசி அறையில், கால் இரண்டையும் யுபிஎஸ் மேல் போட்டு, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து டிவியில் கிரிக்கெட் பார்க்கிறது. அதற்கும் கீழே, மாலை போட்ட ஒரு படத்தின் முன்னால் தனியாக ஒரு பெண். பக்கத்தில் நாலு வார்த்தை: போளூர், மாமனார் காரியம், இன்று.

லீலா திரும்பினாள். “ஏங்க.”

மைக் இன்னும் அவர் கையில் இருந்தது. “இன்னா லீலா, அது சும்மா கலைக்காக...”

“எங்கப்பா காரியத்துக்கு சூரத்துல மாட்டிகினேன்னு சொன்னீங்களே. நான் எங்க அண்ணனுங்க எல்லார்கிட்டயும் சண்டை போட்டேனே உங்களுக்காக. ‘பாவம், மனுஷன் ரயிலு கெடைக்காம தவிக்கறாரு’ன்னு.”

“அது வந்து...”

“இப்ப நீங்களே வரைஞ்சி, நீங்களே எழுதி, தேதியும் போட்டு வெச்சிருக்கீங்க. நீங்கதானே வரைஞ்சீங்க?”

லோகநாதன் முனைவரைப் பார்த்தார். முனைவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார். ஓவியராக இருந்தால் போளூர்க் காரியத்துக்கு டிமிக்கி கொடுத்ததைத் தானே ஒப்புக்கொண்டதாக ஆகும். வீட்டுக்குப் போயாக வேண்டும், மச்சான்கள் நாலு பேர். உலக அளவு ஒரு பக்கம், லீலா ஒரு பக்கம். தராசு ரொம்ப நேரம் ஆடவில்லை.

“நான் வரையல!” என்று மைக்கில் கத்தினார். “இது நான் வரையல! எதையுமே நான் வரையல! எல்லாம் அந்த அமலா பண்ண வேலை! ஆறு வருஷம் என் கம்ப்யூட்டர்ல உக்காந்துகினு நூத்தி நாப்பத்திரண்டையும் அவளே வரைஞ்சா! என்னைக் கேக்காம எருமையும் அவதான் வரைஞ்சா! வேணும்னா கேளுங்க! ஸ்டாண்டு பின்னால ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கா பாருங்க, கண்ணமங்கலத்துல இருந்து பஸ்ல வந்துகினு இருந்தாளே, அந்த அமலா!”

எல்இடி திரைக்காரன் நல்ல ஸ்பீக்கராகத்தான் வாடகைக்குக் கொடுத்திருந்தான். கீழே பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக்கூட விலாசத்தோடு கேட்டது.

முனைவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. “படைப்பாளர் உரிமைத் திருத்தம்!” என்று பரவசமாக அறிவித்தார். ஒரு வாரமாக அவளை மவுஸ் என்று நினைத்திருந்தவர், இப்போது குத்துவிளக்கைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். “அம்மையீர், தங்கள் முழுப் பெயர்?”

“மு. அமலா” என்றாள். “மு-ன்னா முனியம்மா, எங்கம்மா. முன்னெழுத்தையும் சேத்தே போடுங்க சார்.”

அவர் சுவரிலிருந்த முதல் அட்டையில் பட்டுச் சிற்பியை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்து, மேலே எழுதினார். பிறகு இரண்டாவது அட்டை. மூன்றாவது. அமலா எழுந்து நின்று பார்த்தாள். பேனா மை மங்கலாகத்தான் இருந்தது. பரவாயில்லை, படிக்க முடிந்தது.

கூட்டத்தில் சலசலப்பு வேறு மாதிரி ஆகியிருந்தது. “இதுல நம்ம கடை வருதாம்மா?” என்று பச்சையப்பன் பதற்றத்தோடு கேட்டார். வருகிறது என்றால் என்ன கதி, வரவில்லை என்றால் எவ்வளவு கேவலம் என்று அவருக்கே முடிவாகவில்லை.

லீலா எழுந்து வந்தாள். அமலா ஓரடி முன்னால் வந்தாள். “அம்மா, மன்னிச்சிடுங்க. உங்கள வெச்சி இத...”

“அது கெடக்குது. போளூர்ல என்னை ஏன் இவ்ளோ ஒல்லியா போட்டிருக்க?”

“பதினாறு கட்டந்தானேம்மா இருந்துது.”

லீலா ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையை மடியில் வைத்துக்கொண்டாள். அவசரம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. “இன்னும் எத்தினி கீது?”

“நூத்தி மூணும்மா.”

“ஒண்ணாவதுல இருந்து போடு. நிதானமா போடு, நான் படிக்கணும்.”

லோகநாதன் மைக்கை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். குரல் வீட்டுக் குரலுக்கு இறங்கியிருந்தது. “லீலா, எல்லாரும் வெயிட் பண்றாங்க. கீழ சாப்பாடு ஆறுது.”

லீலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க போய் சாப்பிடுங்க. சூரத்துல இருந்து வந்திருக்கீங்க, பசிக்கும்.”